ஆய்வாளர் பார்க்காத கடைசி வரிசை

(கல்வி உரிமை பற்றிய பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களை எப்படிக் கவனிக்கிறார்கள், எப்படி மதிப்பிடுகிறார்கள், அதை எப்படிச் சரிசெய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இந்தத் தலைப்பு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். துறை அதிகாரிகளும் ஆசிரியர் சங்கங்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய நிர்வாக விவகாரம்தானே என்று கேட்கலாம். அப்படி விட்டுவிட முடியாது தோழர்களே. வீட்டுக்கும் தெருவுக்கும் அடுத்தபடியாக ஒரு குழந்தை சாதியைக் கற்றுக்கொள்ளும் இடம் வகுப்பறை. யார் எங்கே உட்காருவது, யாரிடம் கேள்வி கேட்பது, யாரைத் தண்ணீர் எடுத்துவர அனுப்புவது, யாரை அனுப்பாமல் இருப்பது என்பதிலெல்லாம் அந்தப் பாடம் நடக்கிறது. அந்த வகுப்பறைக்குள் அரசு தன் கண்ணை அனுப்புகிற வழிக்குப் பெயர்தான் ஆய்வு. அந்தக் கண் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் கடந்துபோகிறது என்பது நம்முடைய பிரச்சினை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். "ஆசிரியர் பாடம் நடத்தினாரா?" என்று கேட்கிற மதிப்பீடு பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறது. "யாருக்கு நடத்தினார்?" என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைக் கேட்காத வரை எத்தனை படிவம் போட்டாலும், எத்தனை செயலி கொண்டுவந்தாலும் நம் பிள்ளைகளுக்குப் பயன் குறைவு.

அரசுப் பள்ளியில் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில், ஆய்வு எப்படி நடக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பலருக்கு இது மாணவப் பருவத்திலேயே தெரிந்திருக்கும். முதல் நாளே செய்தி வந்துவிடும். சுவரில் சார்ட் ஏறும். கழிப்பறை பளிச்சென்று ஆகும். அதை யார் கழுவினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் முன் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள் பின்னால் போவார்கள். சில பிள்ளைகளிடம் "நாளைக்கு நீ வர வேண்டாம்ப்பா" என்று மெதுவாகச் சொல்லியனுப்புவதும் உண்டு.

மறுநாள் அலுவலர் வருவார். பாடக்குறிப்பேடு கேட்பார். பணி முடிப்புப் பதிவேடு கேட்பார். வருகைப் பதிவேட்டையும் தலைகளையும் எண்ணி ஒப்பிடுவார். நோட்டுகள் திருத்தப்பட்டு, தேதியோடு கையெழுத்து இருக்கிறதா என்று புரட்டுவார். ஒன்றிரண்டு பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்வார், ஒரு கணக்குப் போடச் சொல்வார். மேல்வகுப்பாக இருந்தால் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்ப்பார். இப்போது இதோடு எமிஸ் பதிவுகளும், கைப்பேசியில் நிரப்பும் வகுப்பறை உற்றுநோக்கல் படிவமும் சேர்ந்திருக்கின்றன. துணைக்கருவி பயன்படுத்தினாரா, குழுச் செயல்பாடு நடந்ததா, பயிற்சி நூல் முடிந்ததா என்று குறிப்பார்கள். பிறகு பார்வையாளர் பதிவேட்டில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் போவார்.

இவையெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் பள்ளிக்கு வராவிட்டால் முதலில் நட்டப்படுவது நம் பிள்ளைதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. படித்த அக்காவோ அண்ணனோ சொல்லிக் கொடுப்பார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்குப் பள்ளியில் கிடைப்பதுதான் எல்லாம். அதனால் ஆசிரியரைக் கேள்வி கேட்கவே கூடாது என்கிற நிலைப்பாடு நமக்குச் சரிப்படாது. என்ன கேள்வி, யார் கேட்பது, கேட்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் விவாதம்.

அண்ணல் அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியும். மற்ற மாணவர்களோடு உட்கார முடியாது. தனியாக ஒரு கோணிப்பையை விரித்து அதில் உட்கார வேண்டும். அந்தக் கோணியைத் தினமும் வீட்டுக்குத் தூக்கிப்போய், மறுநாள் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். நம்முடைய இன்றைய ஆய்வுப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலர் அந்த வகுப்பறைக்குள் போகிறார். ஆசிரியர் இருக்கிறார். பாடம் நடக்கிறது. வருகைப் பதிவேடு சரியாக இருக்கிறது. அந்தச் சிறுவனை எழுப்பிக் கேட்டால் பதிலும் சொல்லிவிடுவான். படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் "ஆம்" விழும். கோணிப்பையைக் குறிக்க ஒரு கட்டம்கூட இருக்காது.

இன்றைக்குக் கோணிப்பை இல்லை. ஆனால் கடைசி வரிசை இருக்கிறது. "அவனுக்கு இதெல்லாம் ஏறாது சார்" என்ற பேச்சு இருக்கிறது. காலனிப் பிள்ளையின் நோட்டை மேலோட்டமாகப் புரட்டித் தள்ளுவது இருக்கிறது. துடைப்பம் எப்போதும் சிலர் கைக்கே போவதும், ஆண்டு விழா மேடையின் மைக் எப்போதும் வேறு சிலர் கைக்கே போவதும் இருக்கிறது. சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் அறிந்து தேவையான கூடுதல் பயிற்சியைக் கொடுப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. ஒவ்வொரு குழந்தையும் என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தச் சட்டத்துக்காக 2010இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள் இன்னும் தெளிவானவை. வகுப்பறையில், மதிய உணவில், விளையாட்டுத் திடலில், குடிநீர், கழிப்பறைப் பயன்பாட்டில், கழிப்பறையையும் வகுப்பறையையும் துப்புரவு செய்வதில் எந்தக் குழந்தையையும் பிரித்து வைக்கக் கூடாது, பாகுபடுத்தக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுகின்றன. இதைவிட நல்ல உற்றுநோக்கல் பட்டியல் வேறெங்கே கிடைக்கும்? பட்டியல் சட்டத்தில் இருக்கிறது. ஆய்வுப் படிவத்துக்குள் வரவில்லை.

"இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, படிப்புக்கும் இதற்கும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் நடத்தியது. 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்கள். மேல்சாதியினர் 321 பேர், தலித்துகள் 321 பேர். தாளில் அச்சடித்த புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் போட்டார்கள். பெயரையும் சாதியையும் எல்லார் முன்பும் வாசித்த பிறகு போடச் சொன்னபோது தலித் சிறுவர்கள் போட்ட எண்ணிக்கை இறங்கிவிட்டது. அறை அதே அறை, புதிரும் அதே மாதிரிப் புதிர். மாறியது ஒன்றுதான்: "நீ யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்" என்ற உணர்வு.

இரண்டாவது, ரெமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் நடத்திய விடைத்தாள் திருத்தும் சோதனை. விடைத்தாளின் முகப்பில் வயது, பாலினம், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். தாழ்ந்ததாகச் சொல்லப்படும் சாதிப் பெயர் ஒட்டிய தாள்களுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. பெரிய வித்தியாசமில்லை, ஆனால் இருந்தது. நாம் வசதியாக மறந்துவிடக் கூடாத இன்னொரு முடிவும் அதில் உண்டு. அந்தக் குறைவு ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த திருத்துநர்களிடம்தான் தென்பட்டது. மேல்சாதித் திருத்துநர்களிடம் அந்தச் சோதனையில் அது தெரியவில்லை.

இது நமக்குக் கசப்பான செய்திதான். ஆனால் சாதியை அறிந்தவர்களுக்குப் புதிராகத் தோன்றாது. படிநிலையாக அடுக்கப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். மேலிருப்பவரின் கண்ணை வாங்கித் தன் முகத்தில் பொருத்திக்கொண்டு கீழே பார்க்கப் பழக்குவது சாதி. ஆகவே "நம்ம ஆள் ஒருவரை அலுவலராகப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்று நினைத்து அதோடு நின்றுவிட முடியாது. ஆளும் மாற வேண்டும், பார்க்கும் முறையும் மாற வேண்டும்.

இந்தக் கோரிக்கை நமக்குப் புதிதில்லை. 1882இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவின் முன் மகாத்மா ஜோதிராவ் ஃபுலே ஒரு மனு கொடுத்தார். அதில் பள்ளி ஆய்வைப் பற்றித் தனியாகவே பேசுகிறார். துணை ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோவதால் ஒரு பயனும் இல்லை, காலாண்டுக்கு ஒருமுறையாவது வர வேண்டும், முன்னறிவிப்பு இல்லாமலும் வர வேண்டும் என்கிறார். பிராமண ஆசிரியர் மதத் தப்பெண்ணத்தால் பிள்ளைகளிடமிருந்து ஒதுங்கியே நிற்கிறார், உழவர் குடிகளிலிருந்து வரும் ஆசிரியர்தான் பிள்ளைகளோடு கலந்து பழகி அவர்கள் தேவையை அறிவார் என்கிறார். ஆசிரியர் பாடம் நடத்தினாரா என்பதோடு, எவ்வளவு தூரத்தில் நின்று நடத்தினார் என்பதையும் ஃபுலே பார்த்தார். 140 ஆண்டுகளுக்கு முன்பே மீதிப் பாதிக் கேள்வியைக் கேட்டவர் அவர்.

அதே மனுவில் அவர் சொன்ன இன்னொன்று இன்றைக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. தேர்வு முடிவைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை ஏழை மக்களிடையே கல்வியைப் பரப்ப உதவாது என்றார் ஃபுலே. இங்கிலாந்தில் 1862இல் கொண்டுவந்த முறை அது. ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேர்வு வைப்பார். எத்தனை பிள்ளை தேறுகிறதோ அதற்கேற்ப மானியம். ஆசிரியர்கள் ஆய்வாளர் கேட்கப்போகும் பக்கத்தை மட்டும் உருப்போட வைத்தார்கள். அங்கே பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டே அதை எதிர்த்தார். 1890களில் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

நாம் கைவிட்டோமா? "நூறு சதவீதத் தேர்ச்சி" என்ற பலகை எத்தனை பள்ளி வாசலில் தொங்குகிறது? விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியரைக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து விளக்கம் கேட்கிறார்கள். அந்த அழுத்தம் எங்கே போய் இறங்கும்? 9ஆம் வகுப்பிலோ 11ஆம் வகுப்பிலோ "இவன் தேற மாட்டான், டிசி வாங்கிக்கிட்டுப் போயிடுங்கம்மா" என்று ஒரு தாயிடம் சொல்வதில் போய் இறங்கும். அந்தத் தாய் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர். எதிர்த்துக் கேட்கத் தெம்பில்லாதவர். ஒரு பிள்ளையை வெளியே தள்ளினால் பள்ளியின் மதிப்பெண் உயர்கிறது என்றால், அந்த அளவுகோல் யாருக்கானது?

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியரின் பதவி உயர்வையும் ஊதிய உயர்வையும் தகுதி அடிப்படையிலான மதிப்பீட்டோடு இணைக்கச் சொல்கிறது. தகுதி, திறமை என்ற சொற்களைத் தமிழ்நாடு நூறு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. அவை யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும் என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வசதியான ஊரில் பாடம் நடத்துகிறவருக்குப் பாதி வேலையை வீடுகள் செய்து கொடுத்துவிடும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்ப் பாதி ஆண்டு கழித்துத் திரும்பும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவரின் உழைப்பு விழுக்காட்டில் தெரியாது. மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணில் காணப்படும் ஏற்ற இறக்கத்தில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 விழுக்காடு வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014இல் அறிக்கை விட்டது. மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரைத் தரம் பிரிக்க அங்கே பல கோடி டாலர் செலவழித்து நடத்திய பெரிய திட்டம் ஒன்றை ராண்ட் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டு, மாணவர்களின் கல்வியில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை என்று 2018இல் எழுதியது.

ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. ஏறத்தாழ 3,000 ஆசிரியர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரே ஆள் ஒரே முறை வந்து பார்த்துப் போடும் மதிப்பெண்ணை நம்ப முடியாது என்று கண்டார்கள். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாட்களில் பார்த்தால் நம்பகம் கூடுகிறது. மாணவர்களிடம் ஒழுங்காகக் கேள்வி தயாரித்துக் கேட்டால், அவர்கள் சொல்வதும் நம்பத் தகுந்ததாக இருக்கிறது. தினமும் அந்த வகுப்பில் உட்காருகிறவர்கள் அவர்கள்தானே!

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12ஆம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனையும், தடுக்க வந்த அவனுடைய தங்கையையும், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன் தொல்லை தாங்காமல் அந்த மாணவன் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று கேட்ட பள்ளியிடம் நடந்ததைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் அரிவாள் வந்தது. நம் ஆய்வுப் படிவங்களில் எது அந்தத் தொல்லையை முன்கூட்டியே பிடித்திருக்கும்? "மாணவர் வருகை" என்ற கட்டத்தில் ஓர் எண் குறைந்திருக்கும். அவ்வளவுதான்.

அதையடுத்து அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர், தலைமையாசிரியர் பொறுப்புகளில் அந்தந்தப் பகுதியின் ஆதிக்க சாதியினரை அமர்த்தக் கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் இடமாற்ற வேண்டும், ஆசிரியர் தேர்வில் சமூக நீதி பற்றிய மனப்பாங்கையும் பார்க்க வேண்டும், அகரவரிசைப்படி மாணவர்களை உட்காரவைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. வெளிவந்த உடனே எதிர்ப்பும் கிளம்பியது. நாம் அந்தப் பரிந்துரைகளை ஆதரிக்கிறோம். அதோடு, அவற்றை அன்றாட வகுப்பறைக்குள் இறக்குவதற்கு ஆய்வு முறையும் மாற வேண்டும் என்று கேட்கிறோம். நல்ல மனப்பாங்கோடு வேலைக்கு வந்தவரா என்பதைத் தேர்வு நாளில் பார்த்தால் போதாது. பத்தாண்டு கழித்தும் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? சிக்கலான கருவி எதுவும் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாள் போதும். வகுப்பின் இருக்கை வரைபடம். ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு கட்டம். ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பதில் தவறானபோது "யோசிச்சுப் பாரு" என்று இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால் ஒரு புள்ளி. பெயர் சொல்லி அழைத்தால் ஒரு குறி. அருகில் போய் நோட்டைப் பார்த்தால் ஒரு குறி. வேலை ஏவினால் ஒரு குறி, என்ன வேலை என்ற குறிப்போடு. 40 நிமிடம் முடிந்ததும் தாளைப் பார்த்தால் வகுப்பறை தன்னைத் தானே வரைந்து காட்டும். நானும் சக ஆசிரியர் ஒருவரும் பேசிவைத்துக்கொண்டு இதைச் செய்தோம். அவர் நல்ல ஆசிரியர். பிள்ளைகளுக்குப் பிடித்த டீச்சர். தாளை அவர் கையில் கொடுத்தபோது முன்னிரண்டு வரிசை கறுத்துக் கிடந்தது. சன்னல் ஓரம் பின்னால் உட்கார்ந்திருந்த நாலைந்து பிள்ளைகளின் கட்டம் வெறுமையாக இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாம் ஒரே தெருப் பிள்ளைகள். அடுத்த வாரமே இருக்கையை மாற்றினார். யாரிடம் கேட்டோம், யாரை விட்டோம் என்று தானே குறித்து வைக்கவும் தொடங்கினார். மெமோ கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. அந்தத் தாளில் சாதி எழுதக் கூடாது. வகுப்பறைக்குள் சாதியை அறிவித்தால் என்ன ஆகும் என்று புதிர்ப்பாதைச் சோதனையில் பார்த்தோம். இருக்கை எண் மட்டும் போதும். சாதிவாரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதை, விவரங்களைக் காக்கப் பொறுப்புள்ள மேல்மட்டத்தில், பல பள்ளிகளுக்குச் சேர்த்துச் செய்யலாம். எமிஸில் ஏற்கெனவே எல்லா விவரமும் இருக்கின்றன. ஆசிரியரின் நேரத்தைத் தின்ன மட்டுமே அந்தத் தரவு பயன்பட வேண்டுமா? இந்த வட்டாரத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகள் எந்த வகுப்பில் நின்றுபோகிறார்கள், எந்தப் பள்ளியில் டிசி அதிகம் வாங்குகிறார்கள் என்று சொல்லவும் அது பயன்படட்டும்.

அடுத்தது, பிள்ளைகளின் குரல். "உங்க சாரைப் பிடிக்குமா?" என்று கேட்டால் பயனில்லை. கண்டிப்பான நல்ல ஆசிரியர் தோற்றுப்போவார், கதை சொல்லிப் பொழுதைக் கழிப்பவர் ஜெயிப்பார். நடந்ததைக் கேட்க வேண்டும். இந்த வாரம் உன்னிடம் கேள்வி கேட்டார்களா? புரியாததைத் திரும்பக் கேட்க முடிந்ததா? உன் நோட்டைத் திருத்தினார்களா? வகுப்பில் யாராவது உன் ஊரையோ தெருவையோ சொல்லிக் கேலி செய்தபோது ஆசிரியர் என்ன செய்தார்? பெயர் எழுதாத தாளில், அந்தப் பள்ளியைச் சேராத ஒருவர் கையில் போய்ச் சேர வேண்டும். செய்முறைத் தேர்வு மதிப்பெண் அதே ஆசிரியர் கையில் இருக்கும்போது எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

மூன்றாவது, உதவியும் தண்டனையும் தனித்தனியாக இருக்க வேண்டும். பாடம் நடத்துவதில் உள்ள குறையைக் கண்டுபிடிப்பது, உட்கார்ந்து பேசிச் சரிசெய்வதற்காக. அதில் மெமோவுக்கு இடமில்லை. மெமோ வரும் என்று தெரிந்தால் ஆசிரியர் நாடகம் போடுவார், அலுவலர் அதைப் பார்த்துக் கைதட்டுவார். ஆனால் சாதி சொல்லித் திட்டுவது, கழிப்பறை கழுவ வைப்பது, அடிப்பது எல்லாம் "கற்பித்தல் குறை" ஆகாது. அவை குற்றம். அதற்குத் துறை விசாரணை உண்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. "ஆலோசனை வழங்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி அதை மூடக் கூடாது. இன்றைக்கு நடப்பது தலைகீழ். பாடக்குறிப்பு எழுதாதவருக்கு 17பி, சாதிப் பேச்சுப் பேசியவருக்கு ஆலோசனை.

நான்காவது, ஆசிரியருக்கும் பாதுகாப்பு வேண்டும். மதிப்பீடு என்ற கத்தி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். ஆதிக்க சாதி ஊரில் வேலை பார்க்கும் தலித் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். வாடகைக்கு வீடு கிடைக்காது. "டீச்சர் சரியில்லை" என்ற புகார் மட்டும் உடனே கிடைக்கும். மந்தண அறிக்கையில் மேலதிகாரி எழுதும் ஒரு வரி எத்தனை பேரின் பதவி உயர்வைத் தின்றிருக்கிறது என்பதை இட ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்த எந்த அரசு ஊழியரிடமும் கேட்டுப் பாருங்கள். தேவ் தத் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், அப்படி எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பையும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மேல்முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வகுப்பறை உற்றுநோக்கலுக்கும் அதே விதி வேண்டும். எழுதியதை ஆசிரியருக்குக் காட்டு, அவர் பதிலையும் சேர்த்துப் பதிவு செய், ஒரே அலுவலரின் பார்வையை வைத்து முடிவெடுக்காதே.

கூடவே இன்னொன்று. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து வைத்து நடத்தும் தொடக்கப் பள்ளிக்கும், பாடத்துக்கு ஒருவர் இருக்கும் நகரப் பள்ளிக்கும் ஒரே படிவத்தை நீட்டுவது நீதியில்லை. 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களை ஆயிரக்கணக்கில் அரசு எடுத்தது. பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஆசிரியரை மதிப்பிடும் அரசு, தான் ஆசிரியருக்குக் கொடுத்தது என்ன என்ற கட்டத்தையும் அதே படிவத்தில் வைக்கட்டும். காலிப் பணியிடம் எத்தனை, வகுப்பறை எத்தனை, துப்புரவுப் பணியாளர் உண்டா? துப்புரவுப் பணியாளர் இல்லாத பள்ளியில் துடைப்பம் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும்.

தனியார் பள்ளிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அங்கே தேர்வு முடிவும் நிர்வாகத்தின் விருப்பமும்தான் மதிப்பீடு. பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேலை இல்லை. அரசு உதவி பெறாத பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் பள்ளி மேலாண்மைக் குழு விதியும் பொருந்தாது. ஆனால் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று பார்க்க யாராவது போக வேண்டும். அரசு அந்த இடங்களுக்குப் பணம் கொடுக்கிறது. பணம் கொடுப்பவருக்கு வகுப்பறையைப் பார்க்கும் உரிமையும் கடமையும் உண்டு.

கடைசியாக, நீங்கள் என்ன செய்யலாம்? கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும். தமிழ்நாட்டில் 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். முன்னாள் மாணவர்கள் என்றால் நீங்கள்தான். உங்கள் ஊர்ப் பள்ளியின் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். காலனித் தெருவிலிருந்து வந்த அக்கா கூட்டத்தில் நாற்காலியில் உட்காருகிறாரா, கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படுகிறாரா என்று பாருங்கள். அவரோடு போங்கள். மாதிரி விதிகளின் அந்தப் பட்டியலைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுங்கள்: வகுப்பறை, சாப்பாடு, திடல், தண்ணீர், கழிப்பறை, துப்புரவு. ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த ஆறையும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதிலோடு எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அது ஆவணம். அடுத்த முறை ஆய்வுக்கு வரும் அலுவலர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போக முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆசிரியரை எதிரியாக நினைத்துப் போகாதீர்கள். நம்மில் பலரை இந்த மேடை வரை கொண்டுவந்து சேர்த்ததும் ஏதோ ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்தான். கடைசி வரிசைக்கு நடந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டை வாங்கிப் பார்த்தவர் அவர். அப்படிப்பட்டவர்களின் உழைப்பு இன்றைய எந்தப் படிவத்திலும் பதிவாகவில்லை. அவர்கள் யார் என்று துறைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவும்தான் இந்த மாற்றத்தைக் கேட்கிறோம்.